முத்திரை எதற்குச் சாட்சி?

இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர், பஜார் தெருவில் தமக்கிருந்த இரண்டு கடைகளின் வாடகையை ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்கென்று எழுதிவைத்தார். இன்று என் பஸ் செலவும் நீங்கள் குடித்த காபியும் அந்த வாடகையில் வந்தவை. இலக்கியம் கேட்டுப் பழகிய இந்த மேடையில் மனை, பட்டா, வில்லங்கம் என்று பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பெரியவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அவரும் கடை வாங்கிப்போட்டு வாழ்ந்தவர்தானே.

நான் பதிவுத்துறையில் 34 ஆண்டுகள் இருந்தேன். 1983-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2017-இல் சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்கள். என் எதிரே பெருவிரல் உருட்டிய கைகளில் பெரிய கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் ஆசிரியர்கள், பஸ் கண்டக்டர்கள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள், மகளின் கல்யாணத்துக்கு என்று அரை கிரவுண்டு வாங்கிப்போட்டவர்கள். ‘முதலீட்டாளர்’ என்று அவர்களை அழைத்தால் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். ‘ஒரு இடம் வாங்கிப்போட்டிருக்கேன்’ என்பதுதான் அவர்கள் பேச்சு. அந்த ‘போட்டிருக்கேன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வைப்பு நிதியில் போடுவது போல, விதையைப் போடுவது போல. போட்டுவிட்டால் அது தானாக வளரும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

பதிவு முடிந்து வெளியே வரும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கவர்மென்ட் முத்திரை விழுந்துவிட்டது, இனி இடம் நம்முடையது என்ற நிம்மதி. அந்த முத்திரையைக் குத்தியவன் நான். அது எதற்குச் சாட்சி, எதற்கு இல்லை என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குக் கொடுத்த வேலை சின்னது. இன்னார் என் முன் வந்தார், இந்தப் பத்திரத்தைத் தாம் எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டார், தீர்வையும் கட்டணமும் கட்டப்பட்டன. அவ்வளவுக்குத்தான் நான் சாட்சி. விற்பவருக்கு அந்த இடம் சொந்தமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 55-ஏ என்றொரு விதி கொண்டுவந்தார்கள். உரிமையைக் காட்டவில்லை என்று பதிவை மறுக்க வழிசெய்த அதன் முதல் உட்பிரிவு, தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உரிமையை ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். எங்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது.

மலேசியாவிலிருந்து வந்த ஒரு உறவினர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். அவர்கள் ஊரில் ‘கிரான்’ என்று ஒரு நிலப்பட்டயம் உண்டு. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையின் வழியில் வந்தது அது. நம்மிடம் அப்படி ஒற்றைக் காகிதம் எதுவும் இல்லை. அவரிடமிருந்து இவர், இவரிடமிருந்து அவர் என்று ஒரு சங்கிலிதான் உண்டு. ஒரு கண்ணி விட்டிருந்தாலும் கடைசியில் பிடித்திருப்பவர் கையில் வெறும் இரும்புத் துண்டு.

‘சார், பட்டா இருக்கே?’ என்பார்கள். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. யாரிடம் வரி வாங்குவது என்பதற்காகப் பிறந்த கணக்கு. 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று ஊர் ஊராக நில ஆவணங்களைத் திருத்தி எழுதினார்கள். நல்ல நோக்கம், பெரிய வேலை. அதில் அண்ணன் பெயரில் மட்டும் ஏறி தம்பி விடுபட்டதும், பக்கத்து உட்பிரிவு மாறிப்போனதும் ஏராளம். அந்தப் பிழைகளின் மேல் இன்றுவரை வழக்கு நடக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் சர்வே எண் 1980-களுக்கு முன் யார் பெயரில் இருந்தது என்று பழைய அ-பதிவேட்டைப் பார்க்காமல் இன்றைய கணினிப் பட்டாவை மட்டும் நம்புவது, படத்தின் இடைவேளைக்குப் பிறகு உள்ளே போய்க் கதை சொல்வது போல.

‘வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு’ என்பது அடுத்தது. வில்லங்கச் சான்று எழுதிக்கொடுத்தே என் விரல் தேய்ந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது எங்கள் முதலாம் புத்தகத்தில் பதிவானதைத்தான் காட்டும். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும், வில்லங்கத்தில் வராது. அதோடு உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெள்ளைத்தாளில் இரண்டு சாட்சியோடு எழுதிப் பெட்டியில் வைத்தாலும் செல்லும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. கைமாற்றுக் கடனுக்காக அசல் பத்திரத்தை யாரிடமாவது கொடுத்து வைத்திருந்தால் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்ற சான்றுக்கு ‘எங்கள் கண்ணில் பட்ட வில்லங்கம் இல்லை’ என்றுதான் பொருள்.

வாரிசு விஷயத்தில்தான் சிறியவர்கள் அதிகம் விழுகிறார்கள். அப்பா இறந்துவிட்டார், இரண்டு மகன்கள் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள், கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘அவளுக்குத்தான் நகை போட்டாச்சே’ என்பார்கள். உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு என்று 1989-இல் தமிழ்நாடு தன் திருத்தத்தைக் கொண்டுவந்தது, அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. 2005-இல் நாடு முழுமைக்கும் அந்த உரிமை வந்தது. நகை போட்டதும் சீர் செய்ததும் சட்டத்தின் கணக்கில் பாகம் ஆகாது. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு வேளையில், ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு வந்து ஒரு பத்திர நகல் கேட்டார். நகலைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவருடைய அண்ணன்கள் விற்றிருந்தார்கள், பத்திரத்தில் ‘எங்களைத் தவிர வேறு வாரிசு இல்லை’ என்று ஒரு வரி. அடியில் பதிவு செய்த அதிகாரியின் கையெழுத்து என்னுடையது. அந்த இடத்தை வாங்கியவர் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். பாவம், இருவருமே.

வங்கிக் கடன் கிடைத்தாலே பத்திரம் சரி என்ற நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். வங்கி வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. நாளைக்கு உரிமை ஆட்டம் கண்டால் வங்கிக்கு உங்கள் சம்பளம் இருக்கிறது, ஜாமீன் போட்டவர் இருக்கிறார். உங்களுக்கு என்ன இருக்கிறது? இடம் போன பிறகும் தவணை நிற்காது.

இனி என் கதை. 1994-இல் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்கினேன். 40,000 ரூபாய். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பலகை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். பதிவுத்துறையில் இருந்துகொண்டே வாங்கினேன். எல்லோரும் வாங்கினார்கள், பதிவும் ஆனது, பிறகென்ன என்ற எண்ணம்தான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று தடை போட்டது. என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டு. திருவிழா முடிந்த திடல் போல அலுவலகம் வெறிச்சோடியது. ஏற்கெனவே பதிவான மனைகளை மறுபடி விற்கப் பின்னர் வழி விட்டார்கள். 2016 அக்டோபர் 20-ஐ எல்லைக்கோடாக வைத்து 2017-இல் வரன்முறைத் திட்டமும் வந்தது. ஆனால் வரன்முறை செய்யாத மனைக்குக் கட்டட அனுமதி கிடையாது. கடன் கிடையாது. வாங்க வருகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு கட்டணம் கட்டி வரன்முறை செய்யப் போனபோது இன்னொரு வேடிக்கை. மனையே காணோம். எல்லைக்கல் ஒன்றும் இல்லை. முன்னால் வீடு கட்டியவர் நாலடி தள்ளிக் கட்ட, அவருக்கு அடுத்தவரும் அப்படியே தள்ள, வரிசையின் கடைசியில் இருந்த என் மனை பாதி சாக்கடைக்குள் நின்றது. சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு வருடம் பேசி, கிடைத்தது 1,130 சதுர அடி.

2019-இல் 4,50,000 ரூபாய்க்கு விற்றேன். பதினோரு மடங்கு! சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் பூரித்தேன். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 25 ஆண்டில் பதினோரு மடங்கு என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டும். பதிவுச் செலவு, வரன்முறைக் கட்டணம், சர்வே, முள் வெட்டிய கூலி எல்லாம் கழித்தால் பத்துக்கும் கீழே. நான் மனை வாங்கிய அதே காலத்தில் தபால் அலுவலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் 5½ ஆண்டில் இரட்டிப்பாகிக் கொண்டிருந்தது. அந்த வட்டி பிறகு குறைந்தது, நியாயம்தான். ஆனாலும் தபால்காரர் என்னை நாலடி தள்ளிக் கட்டியிருக்க மாட்டார்.

நிலம் ஏமாற்றும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. மடங்கு கணக்கு ஏமாற்றும். ‘அப்ப கிரவுண்டு அம்பதாயிரம், இப்ப அம்பது லட்சம்’ என்று சொல்பவர் எத்தனை வருடம் என்று சொல்வதில்லை. விற்க முடியாமல் கிடந்தவரின் கதையையும் சொல்வதில்லை. இன்று 20 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினால் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் என்று 1,80,000 ரூபாய் முதல் நாளே போய்விடுகிறது. புரோக்கர் கமிஷன், வக்கீல், பத்திர எழுத்தர் தனி. விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறிய பிறகுதான் நீங்கள் போட்ட பணத்தையே பார்க்கிறீர்கள். தங்கத்தை அவசரத்துக்கு அன்றே அடகு வைக்கலாம். மனை, நீங்கள் அழைக்கும்போது வராது.

வீட்டைக் கட்டி வாடகைக்கு விடலாமே என்பார்கள். 50 லட்சத்து வீட்டுக்குப் புறநகரில் 13,000 வாடகை என்று வையுங்கள். ஆண்டில் ஒரு மாதம் காலி. வீட்டு வரி, பராமரிப்பு, வெள்ளை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நின்றால் பெரிது. இரண்டேகால் விழுக்காடுகூட இல்லை. 40 லட்சம் கடன், எட்டரை விழுக்காடு, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 28,300. வாடகை தவணையைக் கட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது, பேரன் சுண்டல் விற்றுக் கல்யாணச் செலவைப் பார்த்துக்கொள்வான் என்பது போல.

இதில் ஒத்தி என்றொரு சுகமான பள்ளம் இருக்கிறது. சென்னையில் ‘லீசுக்கு விடுவது’ என்பார்கள். மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஐந்து லட்சம் ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு, மூன்றாண்டு கழித்து அப்படியே திருப்பித் தர வேண்டும். வாங்கிய அன்றே அந்தப் பணம் அடுத்த மனைக்கு அட்வான்ஸ் ஆகிவிடும். மூன்றாண்டு கழித்துக் குடியிருப்பவர் பணம் கேட்கும்போது கையில் இருப்பது விற்க முடியாத மனை. பிறகு புதிதாக ஒரு ஒத்திக்காரரைத் தேடிப் பழையவருக்குக் கொடுப்பது. இப்படி நாலு வீட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்காத ஒருவரை எனக்குத் தெரியும். ஊரில் அவருக்குப் பணக்காரர் என்று பெயர். வாடகைக்கு விடுவோருக்கு ஒரே ஒரு தகவல்: 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2019 பிப்ரவரி முதல் புதிய சட்டம், எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வேண்டுமென்றால் அது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தைச் சட்டம் அறியாது.

கறுப்புப் பணத்தைப் பற்றி நான் பேசினால் சிரிப்பீர்கள். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்ட விஷயம் அது. 30 லட்சத்துக்கு வாங்கி, வழிகாட்டி மதிப்பான 12 லட்சத்துக்குப் பத்திரம் போடுவார்கள். தீர்வை மிச்சம் என்று மகிழ்வார்கள். உரிமையில் குறை வந்து பணத்தைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனால் பத்திரத்தில் உள்ள 12 லட்சத்தைத்தான் காட்ட முடியும். நாளைக்கு நேர்மையான விலைக்கு விற்றாலும், வாங்கிய விலை 12 என்றே வரிக்கணக்கு தொடங்கும். மறைத்த 18 லட்சத்துக்கும் சேர்த்து ஆதாய வரி. போதாததற்கு, சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் விற்றவர் மேல் அபராதம் விழும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய தொகையும் பெரிது. மாமா சிங்கப்பூரில்தானே இருக்கிறார் என்று விட்டுவிட்டவர்களுக்கு நோட்டீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில், அந்தத் திட்டத்துக்கே. ஒப்பந்தம் பதியாமல் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. நல்லது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்டதும், எட்டு வீட்டுக்கு மிகாததும் ரெராவில் பதிய வேண்டியதில்லை. சிறியவர்கள் வாங்குவது எங்கே? சந்துக்குள் எட்டே வீடாகக் கட்டப்படும் அந்தக் கட்டடத்தில்தான். சட்டத்தின் குடை எங்கே முடிகிறதோ அங்கே இவர்கள் நிற்கிறார்கள். பண்ணை நிலம் என்று பத்துப் பத்து சென்டாக விற்பதும் அதே குடைக்கு வெளியேதான். வேலி, கொய்யாக்கன்று எல்லாம் தருவார்கள். வீடு கட்டும் அனுமதியைத் தர மாட்டார்கள்.

தண்ணீரைச் சொல்லாமல் போக மனமில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் ஆட்களை மீட்டார்கள். பட்டா நிலத்தில், பத்திரம் பதிந்து, கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் மூழ்கின. தண்ணீருக்குச் சர்வே எண் தெரியாது. நம் முன்னோர்கள் இதை ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்தார்கள். தாங்கல் என்றால் சிற்றேரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று அந்தச் சொல்லைப் பெயரில் சுமக்கும் ஊர்கள் எத்தனை! தெற்கே போனால் ஏந்தல், கண்மாய். மனை பார்க்கப் போகிறவர்கள் சித்திரை வெயிலில் போகிறார்கள், புரோக்கர்களும் அப்போதுதான் கூட்டிப்போவார்கள். ஐப்பசியில் போய்ப் பாருங்கள். டீக்கடையில் ‘இங்கே மழை பெய்தால் தண்ணி எங்கே போகும்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். எந்த வில்லங்கச் சான்றிலும் வராத பதில் அங்கே கிடைக்கும்.

என் மனையை விற்ற கதையின் மிச்சத்தைச் சொல்லி முடிக்கிறேன். வாங்க வந்தவர் ஒரு வேன் டிரைவர். காகிதங்களை எல்லாம் அடுக்கிக் கொடுத்தேன். ‘சார், நீங்களே ரிஜிஸ்தாரா இருந்தவங்க. இதுக்கு மேல நான் யாரைக் கேக்கணும்?’ என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் வாங்க மாட்டேன் என்று அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து அவர் ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தார். எனக்கு விற்றவரின் அப்பா இறந்த பிறகு, 1971-இல் பிள்ளைகள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையில் மூன்று அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிலோ நாலாவதாக ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. அந்த அம்மாள் எங்கே என்று வக்கீல் கேட்டிருந்தார்.

25 ஆண்டுகள் அந்தப் பத்திரம் என் பீரோவில் இருந்தது. ஒரு தடவையும் என் கண்ணில் படவில்லை.

இரண்டு மாதம் அலைந்தேன். அந்தக் கிராமம் 1970-களில் வேறொரு சார்பதிவகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பது நினைவுக்கு வந்து, அங்கே போய்ப் பழைய அட்டவணையைப் புரட்டச் சொன்னேன். 1974-இல் அந்த அம்மாள் தம் பங்குக்கு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு எழுதிய விடுதலைப் பத்திரம் அங்கே இருந்தது. நகலை வாங்கி வேன் டிரைவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ‘இதையும் நாளைக்கு வக்கீல் கிட்ட காட்டிட்டு வரேன் சார்’ என்றார்.